தூக்கத்துக்கு மார்க்குப் போடும் கடிகாரம்

ராத்திரி ஷிப்டு முடிந்து மில் கேட்டை விட்டு வெளியே வந்த ஒரு இளைஞர், எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தம் கைக்கடிகாரத்தையே உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தார். "மணி என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"மணி பாக்கலீங்கண்ணா, மார்க்குப் பாக்கறனுங்க. நேத்துப் பகல்லே தூங்குனதுக்கு நூத்துக்கு நாப்பத்தொண்ணுதான் போட்டிருக்குது" என்றார்.

தவணையில் வாங்கிய கடிகாரம். வாங்கிய பிறகு தூக்கம் கூடியதா என்று கேட்டேன். "எங்கீங்க! மார்க்குக் கொறஞ்சிருமோன்னு நெனச்சே இருந்த தூக்கமும் போச்சுங்க" என்றார்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் வைத்தியர்கள் இதே தொல்லையோடு வந்தவர்களைப் பார்த்து, 2017ல் அதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்தார்கள். கருவி காட்டும் எண்ணை நினைத்து நினைத்துத் தூக்கம் கெடுவதற்கு அப்படிப் பெயர்.

கடிகாரத்துக்கு என்ன தெரியும்?

அதற்குள்ளே அசைவை உணரும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. அடிப்புறத்தில் ஒரு பச்சை விளக்கு தோல்மீது ஒளி பாய்ச்சி நாடித் துடிப்பை எண்ணுகிறது. கை அசையவில்லை, நாடியும் தணிந்திருக்கிறது என்றால் ஆள் தூங்குகிறார் என்று கணக்குப் போடுகிறது. கடன்காரனை நினைத்துக் கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தாலும், அதையும் தூக்கக் கணக்கில் எழுதிவிடக் கூடும்!

தூக்கமோ மூளையின் காரியம். ஆஸ்பத்திரியில் அதைச் சோதிக்கும்போது தலையில் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின் அலைகளையும் கண் அசைவையும் மூச்சையும் சேர்த்துப் பதிவு செய்கிறார்கள். மணிக்கட்டில் இருந்துகொண்டு 'ஆழ்ந்த தூக்கம் 52 நிமிஷம்' என்று கடிகாரம் சொல்வது ஊகம், அளந்த அளவல்ல.

கருவி வீண் என்று நாம் சொல்லவில்லை. எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம் என்பதை அது ஓரளவு சரியாகவே சொல்லும். ஆனால் ஒரு நோட்டும் பென்சிலும் அந்த வேலையைச் செய்யும். தூக்க வைத்தியர்களே நோயாளியிடம் அப்படி எழுதி வரச் சொல்வதுண்டு. பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதுமாக இருந்தால், அதை முதலில் கண்டுபிடிப்பவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான். அவர் சொல்வதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தூக்கத்தைக் கெடுப்பது எது?

நம் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. அது உயிரணுக்களில் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017ல் நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சம் வந்தால் விழி, இருட்டினால் உறங்கு என்று அது கட்டளையிடுகிறது. மில் சங்கோ அதற்கு நேர்மாறாகக் கட்டளையிடுகிறது! விடிய விடிய ரிங் பிரேமில் நின்றவர் சூரியன் உதித்த பிறகு வீடு வந்து, கொதிக்கும் தகரக் கூரையின் கீழ் படுக்கிறார். உடல் சூடு தணிந்தால்தான் நல்ல தூக்கம் வரும். அங்கே எப்படித் தணியும்?

இது வெறும் அசதி விஷயமல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலை புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று 2007ல் வகைப்படுத்தியது. 2019ல் மறுபடி ஆராய்ந்து, இரவு வேலை பற்றி அதே முடிவுக்கு வந்தது.

நடவுக்குப் போகும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கோழி கூவுமுன் எழுந்து, சோறாக்கி வைத்து, வயலுக்கு ஓடுகிறார். ராத்திரி கொசுக்கடி, மின்சாரம் நின்றால் புழுக்கம். அவர் கையில் இந்தக் கடிகாரத்தைக் கட்டினால் என்ன மார்க்குப் போடும்? மார்க்குக் குறைந்தால் குற்றம் யாருடையது?

தூக்கத்தின் மதிப்பு முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் ஏட்னா என்ற இன்சூரன்ஸ் கம்பெனி, 20 இரவுகள் 7 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கும் ஊழியருக்கு 25 டாலர், ஆண்டுக்கு அதிகபட்சம் 300 டாலர் தரும் திட்டம் வைத்திருந்ததை 2016ல் பத்திரிகைகள் எழுதின. நன்றாகத் தூங்கியவன் நன்றாக வேலை செய்வான் என்ற கணக்குத்தான்! இன்று பரிசு கொடுப்பதற்காகக் கேட்கும் தூக்கக் கணக்கை, நாளை ஆளைக் கழிப்பதற்காகக் கேட்க மாட்டார்கள் என்பது என்ன நிச்சயம்?

நாம் செய்யக் கூடியவை

ஷிப்டு முடிந்து வரும்போது தலையில் துண்டைப் போட்டு முகத்தில் வெயில் படாமல் வாருங்கள். படுக்கும் இடத்தின் ஜன்னலைப் பழைய போர்வையால் மறைத்து இருட்டாக்குங்கள். ஷிப்டின் பின்பாதியில் டீ வேண்டாம். அதன் வேகம் பல மணி நேரம் உடம்பில் நிற்கும். வேலைக்குப் போகுமுன் சிறிது நேரம் கண்ணயர்வது நல்லது. கடிகாரத்துக்குக் கட்டும் தவணைப் பணத்தில் நல்ல கொசுவலை வாங்கலாம்.

ஆனால் போர்வை வீட்டு ஜன்னலை மறைக்கும். ஷிப்டு அட்டவணையை மாற்றாது. அதைச் சங்கம்தான் மாற்ற முடியும். ஒரு டிபார்ட்மெண்டில் இருபது பேர் ஒரு மாதம் தங்கள் தூக்க நேரத்தை நோட்டில் எழுதட்டும். அது நிர்வாகத்தின் மேஜையில் வைக்கத்தக்க சாட்சியம். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்டு சுழல வேண்டும். பின்னோக்கிச் சுழல்வதைவிட இதை உடல் எளிதாக ஏற்கிறது. இரவு வேலை செய்வோர் கேட்டால் இலவச வைத்தியப் பரிசோதனை தர வேண்டும் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 171வது உடன்படிக்கை 1990லேயே கூறியிருக்கிறது. அதைக் கேட்போம்.

எட்டு மணி வேலை, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்பது ராபர்ட் ஓவன் காலத்துக் கோஷம். அந்தக் கடைசி எட்டு மணிதான் நம் தூக்கம். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியபோது, அந்த எட்டு மணிக்குத்தான் ஆபத்து வந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. எந்தக் கடிகாரமும் அந்தத் தூக்கத்தைக் காப்பாற்றவில்லை; தொழிலாளரின் ஒற்றுமைதான் காப்பாற்றியது.

டீக்கடைத் தம்பிக்கு நாம் சொல்வது இதுதான்: மார்க்குக் குறைந்தது உன் குற்றமல்ல. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படு. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வா!