எஞ்சினைப் பிரிக்கும் முன் சோதனை வேண்டும்!

கார் வைத்திருப்பவர்கள் பயப்படும் ஒரு பேச்சு உண்டு. "ஹெட் கேஸ்கட் போய்விட்டது" என்பதுதான் அது.

இதைக் கேட்டதும் வீட்டில் கவலை புகுந்துவிடுகிறது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும். வண்டி பல நாள் பட்டறையில் நிற்கும். கூலியும் சாமானும் சேர்ந்து செலவு ஏறிவிடும். டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கோ அத்தனை நாளும் வருமானம் இல்லை.

உண்மையான பழுது என்றால் செலவு செய்துதான் ஆக வேண்டும். ஆனால், வெறும் சந்தேகத்தின் பேரில் எஞ்சினைப் பிரிப்பது முறையல்ல. முதலில் சோதனை, பிறகே வேலை. இதுவே நாம் வற்புறுத்துவது.

கேஸ்கட் என்பது என்ன?

எஞ்சினின் கீழ்ப்பாகத்துக்கு பிளாக் என்று பெயர். அதில் உள்ள சிலிண்டர்களில் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. மேலே மூடி போல் இருப்பது ஹெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகட்டை வைத்து போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். அதுதான் ஹெட் கேஸ்கட்.

தகடு சிறியது; அதன் வேலை பெரியது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பக்கத்திலேயே எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. அதன் சூடு ஏறக்குறைய 90 டிகிரி. ஆயில் ஓடும் வழியும் அருகிலேயே இருக்கிறது. நெருப்பு, தண்ணீர், ஆயில் ஆகிய மூன்றையும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் தடுத்து நிறுத்துவது இந்தத் தகடுதான்.

அடையாளங்கள்

தகடு எந்த இடத்தில் கெடுகிறதோ, அதற்கேற்ற அடையாளம் வெளியே தெரியும்.

தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்தால், சைலன்சரில் வெண்புகை வரும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் அது நிற்காது. கூலண்ட் கலந்த தண்ணீராக இருந்தால், புகையில் தித்திப்பான வாசனை இருக்கும்.

எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்தால், கூலண்ட் டப்பாவில் குமிழி கிளம்பிக்கொண்டே இருக்கும். எஞ்சினைக் கிளப்பிய சிறிது நேரத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல் போல் இறுகிவிடும்.

தண்ணீரும் ஆயிலும் கலந்தால், ஆயில் பால் விட்ட காப்பி போல் நிறம் மாறும்.

பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே தகடு போனால், எஞ்சின் நடுங்கும், இழுவை குறையும்.

ஏமாற்றும் அடையாளங்களும் உண்டு

குளிர்ந்த காலை நேரத்தில் சைலன்சரில் வெள்ளை ஆவி வருவது சகஜம். சிறிது நேரத்தில் அது நின்றுவிட்டால் பயம் வேண்டாம்.

தினமும் கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில், ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல் படிவது உண்டு. உள்ளே தங்கிய ஈரமே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

எஞ்சின் கொதிப்பதற்கும் பல காரணங்கள் உண்டு. விசிறி சுற்றாமல் இருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். வாட்டர் பம்ப் கெட்டிருக்கலாம். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். அதன் மூடி ஒன்று கெட்டாலே போதும், தண்ணீர் கொதித்து வெளியேறும். ஒரு மூடியை மாற்றினால் தீரும் கோளாறுக்கு எஞ்சினையே பிரிப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

பிரிக்காமலே சோதிக்கலாம்

முதல் சோதனை: எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் சிறு பம்பினால் காற்றழுத்தம் ஏற்ற வேண்டும். அழுத்தம் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாவிட்டால், உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை: ரேடியேட்டர் வாயில் நீல நிற மருந்துள்ள குழாயை வைத்து, அங்கிருந்து வரும் ஆவியை அதன் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் மருந்தின் நிறம் மாறும். பெட்ரோல் எஞ்சினில் அது மஞ்சளாகும்.

மூன்றாவது சோதனை: ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளப்பது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அளவு குறைந்தால், நடுவில் உள்ள தகட்டின் மீது சந்தேகம் வலுக்கும்.

நான்காவது சோதனை: பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிலிண்டருக்குள் காற்று ஏற்றுவது. ரேடியேட்டரில் குமிழி வந்தால், காற்று தண்ணீர் வழிக்குள் புகுகிறது என்று தெரிந்துவிடும்.

சிறு கசிவு ஒரு சோதனையில் பிடிபடாமல் போகலாம். ஆகையால் இரண்டு சோதனைகள் ஒத்துப்போவது நல்லது. ஹெட்டில் விரிசல் இருந்தாலும் இதே அடையாளங்கள் வரும். எனவே, கழற்றிய பிறகு ஹெட்டையும் சோதிக்க வேண்டும்.

பழைய பழக்கம் ஆகாது

2014-ம் ஆண்டுடன் அம்பாசிடர் கார் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. மலைப்பாதையில் கொதித்தால், நிறுத்தித் தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டுவார்கள்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் ஹெட் அலுமினியத்தால் ஆனது. இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அது சூட்டில் விரியும். கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் கேடுதான். "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதால் சிறு கோளாறு பெரும் செலவாகிவிடும்.

சூடு காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது! உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் குபீரென்று பொங்கி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைகால் கொடிய விஷம். ஆனால் தித்திப்பானது. குழந்தைகள், நாய், பூனைகள் அருகே அதைத் திறந்து வைக்கக் கூடாது. கொட்டியதை உடனே கழுவ வேண்டும்.

கேளுங்கள், காட்டுங்கள்

நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. எஞ்சினுக்கும் அதே நியாயம்தான். "எந்தச் சோதனை செய்தீர்கள்? என்ன தெரிந்தது?" என்று வண்டிக்காரர் கேட்கலாம். அப்படிக் கேட்பது மெக்கானிக்கை அவமதிப்பது ஆகாது.

மெக்கானிக்குகளும் சோதனையின் முடிவை வண்டிக்காரருக்குக் காட்ட வேண்டும். புதிய கேஸ்கட் போடும்போது ஹெட் வளைந்திருக்கிறதா என்று மட்டம் பார்க்க வேண்டும். எஞ்சின் ஏன் கொதித்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் மாற்றினால், புதுத் தகடும் போய்விடும். கொடுத்த பணமும் வீணாகும்.

தொழில் தெரிந்த மெக்கானிக்குகள் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். எல்லாப் பட்டறைகளிலும் இது வழக்கமாக வேண்டும். அதனால் வண்டிக்காரருக்குப் பணம் மிஞ்சும். பட்டறைக்கு நல்ல பெயர் நிலைக்கும்.