முதிய பூனைக்கு விடை கொடுத்தல்

பூனையைக் கொன்ற பாவம் எளிதில் தீராது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நாம், அதே பூனை கிழடுதட்டி, முதுகெலும்பு துருத்தி, நடுக்கூடத்திலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கியதும், அதைச் சாக்கில் கட்டி மீன் சந்தைப் பக்கம் விட்டு வருவதை மட்டும் பாவமென்று கருதுவதில்லை என்பது நம் தர்ம விசாரத்தின் விசித்திரங்களில் ஒன்று. இவ்வளவு கல்நெஞ்சம் இல்லாதவர்களோ, எல்லாம் இயற்கையாக நடக்கட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது தவறைப் பற்றியே இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அது கருணையின் வேஷத்தில் வருகிறது.

15 வயதுப் பூனை என்பது மனிதக் கணக்கில் 75-ஐத் தாண்டிய கிழம். அந்த வயதில் அதைப் பெரும்பாலும் பிடிப்பது சிறுநீரக வியாதி. ஓயாத தாகம், வாந்தி, வாய் நாற்றம், நாளுக்கு நாள் மெலிவு என்று அது வளரும். தோலுக்கடியில் சலைன் ஏற்றியும், ஆகாரத்தை மாற்றியும் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில்கூட, அதைச் சௌக்கியமாக வைத்திருக்க முடியும். ஆகவே முதுமையோ வியாதியோ மட்டும் முடிவுக்குக் காரணமாகாது. ஆனால் அந்த வியாதி முற்றிய பிறகு பூனை தூக்கத்தில் நிம்மதியாகப் போய்விடும் என்று காத்திருப்பது பெரும்பாலும் வீண். இயற்கை மரணம் என்று நாம் பெயரிடுவது அநேகமாகப் பட்டினியும் தாகமும் குமட்டலும் கலந்த சில நாட்களே.

வலியை மறைப்பது பூனையின் சுபாவம். மடியில் படுத்துக் கிர்ரென்று சத்தமிடுவதைச் சந்தோஷம் என்று எண்ணுகிறோம். கடும் வேதனையிலும் அது அப்படியே செய்வதுண்டு. காது தாழ்ந்து விரிவது, கண் இடுங்குவது, முகவாய் இறுகுவது, மீசை விறைப்பது, தலை தொங்குவது ஆகிய ஐந்தையும் கொண்டு வலியை அளக்கும் முறையொன்றை மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்டார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் அதற்கு முன்பே, வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் மிகுதி என்ற ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண் வகுத்து, மொத்தம் 35-ஐத் தாண்டினால் வாழ்க்கை சகிக்கத்தக்கது என்றார். இவை உபயோகமானவையே, ஆயினும் அன்பு மிகத் தாராளமான பரீட்சகர். அதனால், பூனை இன்னும் ஓரளவு திடமாக இருக்கும்போதே, அது விரும்பிச் செய்யும் மூன்று காரியங்களைக் காகிதத்தில் எழுதி வைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்: கருவாட்டு வாசனைக்கு ஓடிவருவது, மதில்மேல் வெயில் காய்வது, உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வது. இம்மூன்றும் நின்ற பிறகு நீடிப்பது நம் ஆசைதான்.

மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டுப் பூனையின் உயிரை முடித்துவைப்பது ஹிம்சையல்லவா என்று கேட்பவர்கள், 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் நடந்ததை நினைவுகூரலாம். புரளக்கூட முடியாமல் துடித்த கன்றுக்குட்டி ஒன்றை, பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் கைவிட்ட பின், ஊசி போட்டு முடிக்கச் செய்தார் காந்தி. கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தும் அவர் பின்வாங்கவில்லை. அதே சமயம், பயிரை அழிக்கும் குரங்குகளைக் கொல்வதை அவர் ஹிம்சை என்றே சொன்னார். ஏனெனில் அது நம் லாபத்துக்காக. கூடம் நாறுகிறதே என்பதற்காகப் பூனையை முடிப்பது குரங்கின் கணக்கில் சேரும்; அதன் வேதனைக்கு வேறு பரிகாரம் இல்லை என்பதற்காக முடிப்பது கன்றின் கணக்கில் சேரும்.

முறையைப் பற்றியும் அறிந்திருத்தல் நலம். முதலில் மயக்க ஊசி போட்டு, பின்பு மயக்க மருந்தையே மிகுந்த அளவில் ரத்தக் குழாயில் செலுத்துவார்கள், உயிர் பிரிந்த பிறகும் கண்கள் திறந்தே இருக்கும், உடல் ஒருமுறை துடிக்கவும் கூடும், அது வலியன்று. வலி தீரட்டும் என்று வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது கொடிய விஷம். கால்நடை மருத்துவர்களில் சிலர் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களை இப்போதே விசாரித்து வையுங்கள். அந்த நேரத்தில் பூனையை வேறு யார் கையிலும் கொடுக்காமல் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.