பழைய வளிச்சீராக்கியிலிருந்து ஒரு குளிர்நீர்ப் பொறி

கழித்தொதுக்கிய வளிச்சீராக்கி ஒன்றைக் கொண்டு நீரைக் குளிர்விக்கும் பொறியை வீட்டிலேயே அமைத்தல் கூடுமா? உயர்தர வகுப்பிற் பயிலும் மாணாக்கர் ஒருவர் இப்பகுதிக்கு விடுத்திருக்கும் வினா இது. மண்ணின்றிக் கீரை வளர்க்கும் தொட்டியொன்றை அவர் வைத்திருக்கிறார். நண்பகலில் அத்தொட்டி நீரின் வெப்பநிலை 30 பாகை செல்சியசை எட்டுகின்றது. வேர்கள் பழுப்பேறி அழுகுகின்றன. கடையில் விற்கும் குளிர்நீர்ப் பொறியை வாங்க அவர்தம் பெற்றோருக்கு வசதியில்லை. மாமா வீட்டிலோ பழைய வளிச்சீராக்கி ஒன்று தூசி படிந்து கிடக்கின்றது.

கூடும் என்பதே எமது விடை. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் மீன்தொட்டி வைத்திருப்போர் முதலிய பலர் இதனைச் செய்து பயன்கொண்டிருக்கின்றனர். ஆயின், இப்பொறியின் எவ்வுறுப்பில் நாம் கைவைக்கலாம், எவ்வுறுப்பிற் கைவைத்தலாகாது என்பதைத் தெளிந்த பின்னரே திருப்புளியை எடுத்தல் வேண்டும்.

முதலில், வேர்கள் ஏன் அழுகுகின்றன என்பதை நோக்குவோம். நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனையே வேர்கள் சுவாசிக்கின்றன. 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தன்னிடத்தே கொள்ளும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே வேளையில், வெப்பம் மிகுந்தால் வேரின் சுவாசத்தேவை கூடும். அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் பெருகும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலையே வேரின் நிலையும்.

இனி, பொறியின் தத்துவத்திற்கு வருவோம். காய்ச்சலின்போது நெற்றியில் இடும் ஓடிக்கொலோன் ஏன் சில்லிடுகின்றது? திரவம் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தை நெற்றியிலிருந்து எடுத்துக்கொள்கின்றது. பாடநூல் இதனை மறைவெப்பம் என்னும். ஓடிக்கொலோன் ஆவியாகிக் காற்றோடு போய்விடும். அவ்வாவியைப் போகவிடாது பிடித்து, மீண்டுந் திரவமாக்கி, மறுபடியும் ஆவியாக்கினால் குளிர்ச்சி இடையறாது கிடைக்குமன்றோ? இவ்வெண்ணத்தைப் பொறியாக்கி 1834 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்றவர் யேக்கப் பேர்க்கின்சு. பின்னர், 1902 இல், நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றின் ஈரக்கசிவைக் கட்டுப்படுத்தும் பொருட்டு வில்லிசு கரியர் வகுத்த அமைப்பே இக்கால வளிச்சீராக்கிக்கு முன்னோடி.

வளிச்சீராக்கியின் உறுப்புகளுள் தலையாயவை நான்கு. கொம்பிறசர் என நாம் வழங்கும் அமுக்கி, குளிராக்கி வாயுவை நெருக்கிச் சூடேற்றும். பின்புறத்து ஒடுக்கியில் அவ்வாயு தன் வெப்பத்தை வெளிக்காற்றிற்குக் கொடுத்துத் திரவமாகும். அத்திரவம் மயிரிழை போன்ற நுண்டுளைக் குழாயினூடே சென்று அமுக்கங் குறையும். இறுதியாக, முன்புறத்து ஆவியாக்கிச் சுருளிற் கொதித்து ஆவியாகித் தன்னைச் சூழ்ந்துள்ளவற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பழைய பொறிகளில் உள்ள ஆர் 22 என்னும் பொருள் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் −41 பாகையிலேயே கொதிப்பது. பொறிக்குள்ளே அமுக்கம் உயர்ந்திருப்பதால் அஃது ஏறத்தாழ 5 பாகையிற் கொதிக்கின்றது. ஆவியாக்கிச் சுருளைக் காற்றில் வைப்பதற்குப் பதிலாக நீரில் அமிழ்த்துவதே நாம் செய்யவிருக்கும் மாற்றம். வேறெதுவும் இல்லை.

மாணாக்கர்கள் கணக்கையும் பார்த்துவிடல் நன்று. 100 லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 18 பாகைக்கு இறக்க வேண்டுமெனக் கொள்வோம். ஒரு கிலோகிராம் நீர் ஒரு பாகை குறைய 4.2 கிலோயூல் வெப்பத்தை இழத்தல் வேண்டும். ஆகவே, 100 × 4.2 × 12 = 5,040 கிலோயூல். மிகச் சிறிய சாளர வளிச்சீராக்கி 5,000 பீ.ரீ.யூ. அளவினது, அஃதாவது, செக்கனுக்கு ஏறத்தாழ 1.46 கிலோயூல் வெப்பத்தை அகற்றுவது. இழப்பிற்குச் சிறிது கழித்து 1.4 எனக் கொண்டால் 3,600 செக்கன், அதாவது ஒரு மணி நேரம் பிடிக்கும். நடைமுறையில் இதனினும் மிகும். வெளிவெப்பம் இடைவிடாது உள்ளே புகுந்துகொண்டிருக்குமன்றோ? பெரிய பொறி வேண்டியதில்லை என்பது இக்கணக்காற் பெறப்படும்.

பொறியைத் தெரிவு செய்கையில் மூன்றினைக் கவனிக்க. ஒன்று, அது சாளர வகையாய் இருத்தல் வேண்டும். இரு பகுதியாய்ப் பிரிந்த வகையைக் கழற்றுவதற்கு வாயுக் குழாயின் பூட்டுகளைத் திறக்க நேரும்; அது பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரின் வேலை. இரண்டு, இப்பொழுதும் நன்கு குளிர்விப்பதாய் இருத்தல் வேண்டும். குளிர் தராத பொறி வாயுவை இழந்திருக்கக்கூடும். மூன்று, திருகிவிடும் குமிழ் உடையதாய் இருத்தல் வேண்டும். பொத்தான்களால் இயங்குவனவற்றுட் பல, மின் நின்று மீண்டும் வருகையிற் தாமாக இயங்கத் தொடங்கா.

மின்செருகியைக் கழற்றிய பின்னரே உறையைத் திறக்க வேண்டும். செருகியைக் கழற்றியதனால் அபாயம் முற்றாக நீங்கிற்று என்று எண்ணற்க. அமுக்கியைத் தொடக்கும் மின்கொள்ளளவி, மின்னிணைப்பு அற்ற பின்னரும் ஏற்றத்தைத் தன்னுள் வைத்திருக்கும். மின்வேலை அறிந்த ஒருவர் அதனை முறைப்படி வெறிதாக்கும்வரை அதன் முனைகளைத் தொடுதலாகாது. பின்னர், ஆவியாக்கிச் சுருளைத் தாங்கும் ஆணிகளைக் கழற்றி, சுருளை அதன் செப்புக் குழாய்கள் இடந்தருமளவிற்கு மட்டும் மெல்ல முன்னே சாய்க்க வேண்டும். குழாய் ஓரிடத்தில் மடிந்து நெரிந்தாலும், வெடித்தாலும் பொறி அத்துடன் முடிந்தது. ஆதலின், அவசரம் ஆகாது.

றெஜிபோம் அல்லது வேறு காப்புப் பொருளாற் சூழப்பட்ட பெட்டியொன்றைக் குழாய்கள் இழுபடாத உயரத்தில் வைத்து, சுருளை அதனுள் இறக்குக. பெரும்பாலான சாளரப் பொறிகளில் ஒரே மோட்டரின் இரு முனைகளிலும் இரு விசிறிகள் இருக்கும். முன்விசிறி இனித் தேவையில்லை. பின்விசிறியையோ எக்காரணங் கொண்டும் அகற்றலாகாது. அஃதின்றேல் ஒடுக்கி வெப்பத்தை வெளிவிடமாட்டாது, அமுக்கி எரிந்துபோம்.

பெட்டியிலுள்ள நீர் அசையாது நின்றால் சுருளைச் சூழ்ந்து பனிக்கட்டி பிடிக்கும். பனிக்கட்டியோ வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின், சிறு நீரிறைக்கும் பம்பியொன்று எப்பொழுதும் நீரைச் சுழற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். உறைவைத் தவிர்க்க, நீருடன் மூன்றிலொரு பங்கு புரோப்பிலீன் கிளைக்கோலைக் கலப்பர். எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. சிறுவர் உள்ள வீட்டில் அதனை நினைக்கவே வேண்டாம். செம்பும் அலுமினியமும் ஒருங்கே நீரில் நிற்குமிடத்து அலுமினியம் அரிக்கப்படும். அரிப்புத்தடுப்பான் சேர்ந்த கிளைக்கோலே ஏற்றது. பெட்டியிலுள்ள இத்திரவத்தை நேரே கீரைக்கோ மீனுக்கோ விடலாகாது. தொட்டி நீரைத் துருப்பிடியா உருக்குக் குழாய்ச் சுருளொன்றின் வழியே இப்பெட்டியினூடு செலுத்தி மீட்டல் வேண்டும். செம்பு கரைந்த நீர் இறாலினங்களைக் கொல்லும் என்பதை மீன்தொட்டி வைத்திருப்போர் மறவாதிருப்பாராக.

பொறியின் பழைய வெப்பநிலைநிறுத்தியினது உணர்குமிழை அறைக்காற்றில் தொங்கவிட்டு, குமிழை முழுக் குளிருக்குத் திருப்பிவிடலாம்; அப்பொழுது பொறி எந்நேரமும் இயங்க ஆயத்தமாய் நிற்கும். வெளியே ஒரு மின்னியல் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியை வைத்து, அதன் உணர்கருவியைத் தொட்டி நீரில் இட்டு, பொறிக்குச் செல்லும் மின்னை அதனால் ஆள வேண்டும். அமுக்கி தொடங்குங்கால் இழுக்கும் மின்னோட்டம் இயங்குங்கால் இழுப்பதிலும் பன்மடங்கானது. கட்டுப்படுத்தியின் ஆளி அதனைத் தாங்க வல்லதா எனப் பார்க்க. ஒருமுறை நின்ற அமுக்கி மீண்டுந் தொடங்கக் குறைந்தது 3 நிமிட இடைவெளி வேண்டும். இருபுறத்து அமுக்கமும் சமனாகுமுன் தொடக்கினால் மோட்டர் திணறிச் சூடேறும்.

இனி, உயிரோடு தொடர்புற்ற செய்தி. இங்கே 230 உவோற்று மின்னும் நீரும் ஓரடி தூரத்தில் நிற்கின்றன. புவித்தொடுப்பும், கசிவு மின்னை உணர்ந்து துண்டிக்கும் ட்றிப் சுவிச்சும் இல்லாத இணைப்பில் இப்பொறியை மாட்டுதல் தற்கொலைக்கு ஒப்பாகும். இறுதி இணைப்பை ஒரு மின்பணியாளர் பார்த்த பின்னரே மின்னை ஏற்றுக. நீரிற் கைவிடுமுன் செருகியைக் கழற்றுக.

வாயுவைப் பற்றியும் ஒரு சொல். ஆர் 22 ஓசோன் படலத்தைச் சிதைப்பது. நூறாண்டுக் கணக்கிற் காபனீரொட்சைட்டிலும் ஏறத்தாழ 1,800 மடங்கு புவியை வெப்பமேற்றுவது. 1987 இல் உருவாகிப் பின்னர் விரிவுபெற்ற மொன்றியல் உடன்படிக்கையின்படி அதன் உற்பத்தி ஒழிக்கப்பட்டு வருகின்றது. புதிய பொறிகள் சிலவற்றில் உள்ள ஆர் 32, புரொப்பேன் ஆகியனவோ தீப்பற்றுவன. ஆகவே, வாயு அடைத்த குழாயை வெட்டுதலும், துளைத்தலும், பற்றாசு வைத்தலும் மாணாக்கர் வேலை அல்ல. எம் மாணாக்கர் தாண்டக்கூடாத கோடு இதுவே.

செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இச்சிறு பொறி இயங்கும்போது 500 உவாற்று அளவில் மின்னை விழுங்கும். நீரிலிருந்து எடுத்த 1.5 கிலோஉவாற்றும் மின்னாய் வந்த 0.5 கிலோஉவாற்றும் சேர்ந்து 2 கிலோஉவாற்று வெப்பம் பின்புறத்தால் வெளியேறும். பொறி வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது. பூட்டிய அறையில் அதனை வைத்தால் நீர் குளிரும், அறை அடுப்பாகும்.

ஆதலின், வினாவிய மாணாக்கருக்கு யாம் கூறுவது இது. முதலில் உமது தொட்டிக்குக் கிடுகால் நிழல் அமையும்; சுற்றிலுங் காப்பு இடும்; நீரை அசைத்துக் காற்றூட்டும். ஒரு கிழமை காலை, நண்பகல், மாலை என மும்முறை வெப்பநிலையை அளந்து குறிப்பேட்டில் எழுதும். இவ்வளவிலேயே வேர்கள் வெளுத்துத் தளிர்க்குமாயின் மாமா வீட்டுப் பொறி அங்கேயே கிடக்கட்டும். மாதந்தோறும் வரும் மின்கட்டணம் மிச்சம். நீர் இன்னும் சுடுமாயின் அக்குறிப்பேட்டுடன் மாமாவிடஞ் செல்லும். எத்தனை லீற்றர் நீரை எத்தனை பாகை இறக்க வேண்டும் என்பதை அப்பொழுது நீர் கணக்கிட்டுச் சொல்லலாம். அக்கணக்கைக் கண்டால் அவரும் மறுக்கமாட்டார். மின்பணியாளர் ஒருவரை உடன்வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். பரீட்சைத் தாளில் நீர் வரைந்து காட்டும் அவ்வட்டப்படம், உமது கையின் கீழே உறுமிக்கொண்டு உயிர்பெறும்.