தேநீரும் கொதிநீரும்

வெளிநாட்டு மகன் அனுப்பிய பச்சைத் தேயிலையைக் கசப்பென்று ஒதுக்கிய அயல்வீட்டு அம்மையாரை நாம் அறிவோம். குற்றம் இலையினதன்று, கொதிநீரினது. அதற்கு 80 பாகை செல்சியஸ் போதும். கொதித்த நீரை வேறொரு பாத்திரத்தில் வார்த்துச் சில நிமிடம் ஆறவிடுதல் நன்று.

நாம் நாளும் அருந்தும் கறுப்புத் தேயிலையோ, கொதிக்கக் கொதிக்க வார்த்தாலன்றிச் சாரம் விடாது. இதில் யாழ்ப்பாணத்தார் பாக்கியசாலிகள்! தேயிலை விளையும் நுவரெலியா உயரத்தில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தை ஒட்டிய நமக்கோ முழு 100 பாகை. அந்த நற்பேற்றைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் அடைத்து ஆறவைக்கிறோம். காலையில் நிரப்பிய நீரை மாலை விருந்தினருக்கு வார்த்தால் நிறம் வரும், சுவை வராது. சுண்ணக்கற் கிணற்று நீரால் மேலே படரும் ஏடு வேறு கதை. அதற்குச் சூடு பரிகாரமன்று.

அம்மையாரின் பொதியில் பாதி இன்னும் மீதியாம். நாளை மாலை அங்கு செல்கிறோம்.