டவுட்டுக்கு சம்பளம் உண்டா?

மயிலாப்பூர் பக்கம் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் படிக்கிற தோழி புலம்பினா: "பெல் அடிச்சதும் மேடம் பறந்துடுறாங்கடா, டவுட்டே கேட்க முடியலை!"

விசாரிச்சா, மேடம் கெஸ்ட் லெக்சரர். அடுத்த கிளாஸ் தி.நகர் டியூஷன் சென்டர்ல!

யு.ஜி.சி.யோட 2018 விதிப்படி, முழுநேர உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. ஆனா, தினமும் குறைஞ்சது 5 மணி நேரம் காலேஜ்ல இருக்கணும். கெஸ்ட் லெக்சரருக்கு? 2019-ல் யு.ஜி.சி. சொன்னது, ஒரு லெக்சருக்கு 1,500 ரூபாய், மாசம் அதிகபட்சம் 50,000. அதாவது, பெல் அடிச்சா மீட்டர் நின்னுடும் பாஸ்! ரெக்கார்டு நோட் திருத்துறதெல்லாம் ஃப்ரீ சர்வீஸ்.

இப்போ தோழி, லஸ் பஸ் ஸ்டாப் வரை மேடமோட நடந்துக்கிட்டே டவுட் கேட்கிறா. மேடமும் சிரிச்சுக்கிட்டே சொல்லித்தர்றாங்க. அந்தப் பத்து நிமிஷம் எந்த விதியில வரும்?