எந்தப் பாட்டைப் பாடுவது என்பதும் அரசியல்தான்

‘கானா நல்லாத்தான் இருக்கு, அரசியல் மட்டும் வேண்டாமே’ என்று சொல்பவர்களை நாம் நிறையவே சந்தித்திருப்போம். கல்லூரி விழாவுக்குக் கானா வேண்டும். கல்யாண வரவேற்புக்கும் வேண்டும். ஆனால் மாட்டுக்கறியும் இடஒதுக்கீடும் பாட்டில் வந்துவிடக் கூடாது. அடி வேண்டும், ஆட்டம் வேண்டும். அந்த அடியை உண்டாக்கியவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எதனால் சாகிறார்கள் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். இதற்கு ரசனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தணிக்கை என்பதே சரியான பெயர்.

கானாவை வடசென்னையோடு மட்டும் சேர்த்துப் பேசுவது வழக்கம். அரக்கோணம் மார்க்க மின்சார ரயிலில் வருபவர்களுக்கு அது வில்லிவாக்கத்தோடு நின்றுவிடவில்லை என்று தெரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துவிட்டு, ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வாடகை அறையில் உட்கார்ந்து செல்போனில் பாட்டைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றும் தம்பி தங்கைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பாட்டு எழுதுவது பற்றி நிறையப் பேசுகிறோம். எதை மேடையேற்றுவது, எதை விடுவது என்பது பற்றிப் பேசுவதே இல்லை.

கானாவின் இலக்கணமே இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாட வருகிற கலைஞர் முதலில் விசாரிப்பது இறந்தவரைப் பற்றித்தான். பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டில் அந்த வாழ்க்கையை உட்கார வைப்பார். மெட்டு பழசு, ஆள் புதுசு. மூட்டை தூக்கியவருக்கும் ரிக்‌ஷா மிதித்தவருக்கும் எந்தப் பத்திரிகையும் இரங்கல் குறிப்பு போடாது. அவர்களுடைய வரலாறு அந்த ஓர் இரவில் பாட்டாக எழுதப்படுகிறது. ‘மரண கானா’ விஜி போன்றவர்கள் இந்த மரபில் வந்தவர்கள். 90களில் தேவாவின் இசை வழியாகக் கானா திரைக்குப் போனபோது மெட்டும் அடியும் உள்ளே போயின. ஆளை விசாரிக்கும் அந்தப் பழக்கம் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிட்டது.

அதை மேடைக்கு மீட்டதுதான் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ செய்த பெரிய வேலை. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல்முறை மேடையேறியது. சாதி பேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்த பெயர் அது. இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு. எவையெல்லாம் ‘வேண்டாம்’ என்று சொல்லப்பட்டனவோ அவற்றையே எடுத்துக்கொண்டார்கள். அவற்றை மேடைப் பேச்சாக மாற்றாமல், கானாவின் கிண்டலோடும் ராப்பின் வேகத்தோடும் கொண்டாட்டமாகப் பாடினார்கள். ஆடிக்கொண்டே கேட்க முடிந்ததால்தான் அந்தப் பாட்டுகள் தெருவரை வந்தன.

இப்படித் தேர்ந்தெடுப்பதற்கு விலையும் உண்டு. பெண்களின் கோயில் நுழைவு பற்றி 2018இல் இசைவாணி பாடிய பாட்டை, ஆறு ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் தோண்டி எடுத்தார்கள். மிரட்டல், வசவு, கைது செய்யச் சொல்லிப் புகார் என எல்லாம் நடந்தது. அவர் காதல் பாட்டு மட்டும் பாடியிருந்தால் இந்தக் கூட்டமே கைதட்டியிருக்கும்.

வெளியே இருப்பவர்களை மட்டும் கேள்வி கேட்டால் போதாது. பெண்ணைத் திட்டும் கானாக்கள் யூடியூபில் குவிந்து கிடக்கின்றன. பார்வைகள் வருகின்றன என்பதற்காகவும், ‘நம்ம பசங்கதானே’ என்பதற்காகவும் அதை விட்டுவிட முடியாது. அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி, பெண்ணைக் கட்டுப்படுத்தித்தான் அது நிற்கிறது என்று அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கட்டுரையில் விளக்கிவிட்டார். சாதியை எதிர்க்கும் பாட்டும் பெண்ணை இழிவுபடுத்தும் பாட்டும் ஒரே பட்டியலில் இருந்தால், இரண்டாவது பாட்டு முதல் பாட்டைப் பொய்யாக்கிவிடும்.

உழைக்கும் மக்களின் இசை எங்கே இருந்தாலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. அமெரிக்க மலைப்பகுதி மக்களின் புளூகிராஸ் இசையில் ஹேசல் டிக்கன்ஸ் என்றொரு பாடகி இருந்தார். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கக் குடும்பத்தில் பிறந்து பால்டிமோர் ஆலைகளில் வேலை பார்த்தவர். பழைய மெட்டுகளின் சாயலிலேயே, நிலக்கரித் தூசு நுரையீரலை அடைத்துச் செத்த தன் அண்ணனைப் பாடினார். மதுவிடுதிகளில் ஆண்கள் ஏளனமாகப் பார்த்த பெண்களின் பக்கம் நின்று பாடினார். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய ‘ஹார்லன் கவுண்டி, யுஎஸ்ஏ’ ஆவணப்படத்தில் ஒலிப்பது அவர் குரல். நம் சாவு கானாக் கலைஞர் செய்வதும் இதைத்தான்.

அதே புளூகிராஸுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதன் அடையாளமான பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கருவி. அந்த இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோ, இளம் வயதில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடம் கற்றுக்கொண்டவர். ஆனாலும் அது வெள்ளையர் இசை என்றே பெயரெடுத்தது. பாட்டு பரவும், பாடியவர் பெயர் உதிர்ந்துவிடும்.

நம் கண்ணெதிரிலும் இது நடந்தது. இதே ரயில் தடத்தில் இருக்கும் அரக்கோணத்துக்காரர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையைப் பாட்டாக்கினார். 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகம் முழுக்கப் போனது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டைப்படத்தில் அவர் இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றிச் சம்பந்தப்பட்டவர்கள் தத்தம் விளக்கத்தைத் தந்துவிட்டார்கள். நிலமற்ற மக்களைப் பற்றிய பாட்டிலேயே எழுதியவருக்கு இடம் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் நாம் மறக்கக் கூடாதது.

ஆகவே தோழர்களே, அடுத்த ஏப்ரல் 14க்குத் தெருவில் மேடை போடும்போது, பாட்டுப் பட்டியலை ஸ்பீக்கர் வாடகைக்குத் தருபவரிடம் விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுங்கள். நம் தெருவில் யாருடைய வாழ்க்கை இன்னும் பாட்டில் வரவில்லை என்று கேளுங்கள். பாடும் பெண்ணுக்கு மைக் கொடுங்கள். நம் பாட்டு யாரைப் புண்படுத்துகிறது என்று பாருங்கள். ஆதிக்கத்தில் இருப்பவரைப் புண்படுத்தினால் பாடுங்கள், நம் வீட்டுப் பெண்ணைப் புண்படுத்தினால் நிறுத்துங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாதுகாக்கிறது. எந்த கம்பெனி நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போடுமுன் அதைப் படித்துவிடுங்கள்.

‘அரசியல் வேண்டாம்’ என்று சொல்லி அழைப்பவர் வந்தால், முதலில் பாட வேண்டிய பாட்டு எது என்பது உங்களுக்கே தெரியும்.