சீட்டுக்கு முன்னால் தளத்தைப் பாருங்கள்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: முன்பக்க பெஞ்ச் சீட்டைக் கழற்றிவிட்டு, வேறு காரின் பக்கெட் சீட் இரண்டைப் போடலாமா? ஆசையில் தப்பே இல்லை. பல வருஷம் உழைத்த ஸ்பிரிங் தொய்ந்து, ஓட்டுகிறவர் பக்கம் குழி விழுந்திருக்கும். நெடுந்தூரம் போய் இறங்கினால் இடுப்பு விண்விண் என்று தெறிக்கும். சென்னையில் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்கு ஒரு நடை போனால் நல்ல நிலையில் ஜோடி சீட் கிடைத்துவிடும். அம்பாசடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸே பிற்காலத்தில் 1800 ஐஎஸ்இசட் வண்டியில் தரை கியரோடு பக்கெட் சீட் கொடுத்தது. ஆகவே, போடலாம். எதில் முடுக்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

சீட்டை மெத்தையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஆளை வண்டியோடு சேர்த்துக் கட்டுகிற கண்ணி. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி, அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் 70 கிலோ ஆள் அந்தக் கணத்தில் ஏறக்குறைய 1,400 கிலோ பாரமாக முன்னால் இழுப்பார். இன்றைய கார்கள் பலவற்றில் பெல்ட்டை மாட்டும் பூட்டு சீட்டோடேயே சேர்ந்திருக்கிறது. அந்த இழுவையில் பெரும்பங்கு சீட்டின் ரெயில் வழியாகத் தளத்துக்குத்தான் இறங்கும். அந்தச் சீட் பிறந்த காரில் அதைத் தாங்கக் குறுக்கு விட்டம் வைத்திருப்பார்கள். அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, தளமும் பாடியும் ஒரே கூடு. கண்ட இடத்தில் துளை போட்டு வாஷர் வைத்து முறுக்கினால், மோதும்போது தகடு கிழிந்து போல்ட் வாஷரோடு மேலே வந்துவிடும்.

அதனால் முதல் வேலை கார்பெட்டைத் தூக்குவது. ஸ்க்ரூடிரைவர் முனையால் தளத்தை அங்கங்கே அழுத்திப் பாருங்கள். பெயின்ட் நொறுங்கி முனை உள்ளே இறங்கினால், சீட்டை மறந்துவிட்டு டிங்கரிடம் போங்கள். தளம் நன்றாக இருந்தால், பெஞ்ச் சீட் உட்கார்ந்திருந்த பழைய துளைகளையே பயன்படுத்தி ஸ்கொயர் டியூபில் ஒரு ஃபிரேம் அடித்து, அதன்மேல் சீட்டை வைப்பதே சரி. புதுத் துளை போட்டே ஆக வேண்டுமானால், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு 3 மில்லிமீட்டர் பிளேட் கொடுங்கள். போல்ட் தலையில் வலிமையைக் குறிக்கும் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். டிரில்லைக் கையில் எடுக்குமுன் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் பைப்பும் பெட்ரோல் லைனும் அங்கேதான் ஓடுகின்றன.

அடுத்தது உயரம். பலரும் ஏமாறுவது இங்கேதான். புதிய சீட்டின் ரெயில் கால்கள் அதன் சொந்தக் காரின் மேடு பள்ளத்துக்காக வளைத்தவை. சமமான தளத்தில் வைத்தால் சீட் முன்னுக்கோ பின்னுக்கோ சரியும். அதைச் சரிக்கட்ட வாஷரை அடுக்கிக்கொண்டே போவதைப் பட்டறைகளில் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. அந்த அடுக்கு ஆட ஆட போல்ட் வளைந்துவிடும். சாய்வை ஃபிரேமிலேயே கொண்டுவந்துவிடுங்கள். வெல்டிங்குக்கு முன் மரக்கட்டைகளை அண்டக் கொடுத்து, சீட்டை வைத்து, ஓட்டப்போகிறவரையே உட்காரவைத்து அளவெடுங்கள். காலி சீட்டில் எடுத்த அளவு பொய் சொல்லும், ஆள் உட்கார்ந்தால் நுரை அமுங்கும். தலைக்கும் கூரைக்கும் நடுவே கை நுழைய வேண்டும், ஸ்டியரிங் தொடையில் உரசக் கூடாது, கிளட்ச் முழுதும் மிதிபட வேண்டும்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தொங்கினால் அந்தச் சீட்டே வேண்டாம். அதற்குள் ஏர்பேக் இருக்கலாம். மீட்டர் வைத்துச் சோதிக்கப் போய் வெடித்துவிட்டால் முகத்துக்கே ஆபத்து.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். உற்பத்தியாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிசெய்தது. முன்னால் மூன்று பேர் உட்கார்ந்த இடத்தில் இனி இருவர்தான். ஆர்சி புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையைப் பார்த்து, ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றிய பெஞ்ச் சீட்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. பழைய போல்ட்டுகளை ஒரு துணியில் முடிந்து சீட்டின் ஸ்பிரிங்கிலேயே கட்டி, பரணில் ஏற்றி வையுங்கள்.